முதுகளவு

எக்ஸ்ரே அக்காவின் வீட்டில் அறை இரண்டு, மனுஷி ஒருத்தி, தையல் மெஷின் பதினொன்று. வந்தவர் உட்கார ஒரே ஒரு நாற்காலி உண்டு. அதன் மேலும் ஏதாவதொரு மெஷினின் மர மூடி கவிழ்ந்திருக்கும். யாரும் வருவதில்லை என்பதால் அது யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

பதினொன்றும் பழையவை. அவளுக்கே ஐம்பத்தாறு நடக்கிறது, அவளைவிட மூத்தவை அவை. கறுத்த இரும்பு உடம்பு, கழுத்தோரம் தேய்ந்துபோன தங்கப்பூ. கையால் சுற்றுவது நாலு, காலால் மிதிப்பது ஏழு. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். ஓடும்போதெல்லாம் முணுமுணுப்பது மாமியார். சத்தமே இல்லாமல் தைப்பது ஊமை. நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கடகடப்பது வாயாடி. இப்போது எந்தக் கடையிலும் விற்காத ஒரு குட்டை ஊசியைத்தான் மாட்டிக்கொள்வேன் என்று அடம்பிடிப்பது துரை. துரைக்கு ஊசி தேடி அலைந்த அலைச்சலில் ஒரு மாப்பிள்ளையையே தேடியிருக்கலாம் என்று பழைய சாமான் கடைக்காரர் கேலி செய்வார். அவளும் சிரித்து வைப்பாள். தேடவேண்டிய காலத்தில் அவளுக்காக யாரும் தேடவில்லை. இப்போது ஊசியாவது கிடைத்ததே என்று இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடும் நாள். ஒன்றுக்கு விட்டு இன்னொன்றுக்கு விடாமல் போனால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்பதுபோல் வரிசையாக வருவாள். "இன்னிக்கு உனக்கு என்ன வந்துச்சு? ஏன் இப்படி இறுகிக் கெடக்குற?" என்று மாமியாரைத் தட்டுவாள். "நீயாவது வாயத் திறந்து பேசேன்" என்று ஊமையைக் கெஞ்சுவாள். அந்த வீட்டில் மனுஷக் குரல் கேட்பது அந்தக் காலைப்பொழுதில் மட்டும்தான். பதில் வராத பேச்சு எவ்வளவு நேரம் ஓடும்? எண்ணெய்க்குப்பி காலியாவதற்கு முன்னால் பேச்சு தீர்ந்துபோகும்.

இத்தனை மெஷின் எதற்கு என்று கேட்டால் ஆசைதான் என்பாள். அது சும்மா. நிஜம் என்னவென்றால், அவள் தனக்குத் தைத்துக்கொண்ட கவுன் ஒன்றுகூட நேராகத் தொங்கியது கிடையாது. வலது பக்கம் கீழே இறங்கும். இறங்கியதை வெட்டி மடித்துத் தைத்தால் கழுத்து ஒரு பக்கமாக ஓடும். கழுத்தை இழுத்து நிறுத்தினால் கைக்குழியில் சுருக்கம் விழும். துணி நல்ல துணி, வெட்டு நல்ல வெட்டு, தைக்கிற கை முப்பது வருஷம் பழகிய கை. அப்படியானால் குற்றம் யார் மேல்? மெஷின் மேல். மேல்துணியை விட்டுவிட்டு அடித்துணியை மட்டும் இழுக்கிறது என்று தீர்ப்பு எழுதி, அந்த மெஷினை ஓரம் கட்டிவிட்டு, அடுத்த மெஷின் தேடக் கிளம்பிவிடுவாள்.

பழைய சாமான் கடைக்காரர்தான் மெஷின் ரிப்பேரும் பார்ப்பவர். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டுத் துணியில் பென்சிலால் கோடு போட்டு, அதன் மேலேயே தைத்துக் காட்டுவார்.

"பாருங்கம்மா. கோடு மேலயே போகுது. ஒரு நூல் அளவு நகரல. மெஷின்ல ஒண்ணும் இல்ல."

"இங்க ஒழுங்காத்தான் போகும். வீட்டுக்கு வந்தாத்தான் புத்தியக் காட்டும்."

"அப்படின்னா வீட்டத்தான் பாக்கணும்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் அன்று சாயங்காலமே தரையில் கோலிக்குண்டை வைத்துப் பார்த்தாள். குண்டு வைத்த இடத்திலேயே நின்றது. தரை மேலும் குற்றம் சொல்ல வழியில்லை.

தனக்குத்தானே தைத்துக்கொள்கிற ஒற்றை ஆளுக்கு எத்தனை தந்திரம் வேண்டியிருக்கிறது என்று தைக்காதவர்களுக்குத் தெரியாது. கவுனின் கீழ்மடிப்புக்கு அடையாளம் வைக்க இன்னொருத்தி வேண்டும். போட்டுக்கொண்டு நிற்பவள் குனிந்தால் துணியும் கூடக் குனியும். அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். அறை வாசலின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு நூலைக் கட்டி, அதில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துவிட்டு, புதுக் கவுனோடு அந்த நூலில் உரசிக்கொண்டே மெல்ல ஒரு சுற்று சுற்றுவாள். இடுப்பைச் சுற்றி வெள்ளைக்கோடு விழும். அதிலிருந்து கீழே அளந்துகொள்ளலாம். ஜன்னல் வழியாக யாராவது பார்த்தால், இந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று, வாசலில் நின்று தனியாக ஆடுகிறாளே என்றுதான் நினைப்பார்கள். முதுகில் ஜிப் வைத்த கவுன் அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது. பாதி தூரம் ஏறி நின்றுவிட்டால் மீதியை யார் ஏற்றுவது? எல்லாம் முன்பக்கப் பொத்தான்.

முதுகை மட்டும் எந்தத் தந்திரத்தாலும் ஏமாற்ற முடியவில்லை. தன் முதுகைத் தானே அளக்கும் வித்தையை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆறு வருஷமாக அவள் முதுகில் யாரும் டேப் வைக்கவில்லை. அதற்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தவள் தங்கை.

தங்கை சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுபவள். அறுபது மடிப்புத் துணியை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு கோடு போட்டு, ஒரே வெட்டாக வெட்டுவாள். அறுபதாவது துண்டும் முதல் துண்டும் ஒன்றுபோல் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் அளந்துகொள்வது சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். "பெரிசு, கையத் தூக்கு", "சின்னது, வயித்த உள்ள இழுக்காத, யாரை ஏமாத்தற" என்று ஒரே சிரிப்பாக இருக்கும். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்கள் சந்தித்துக்கொள்ள அந்த அளவெடுப்பு ஒன்றே போதுமான சாக்காக இருந்தது.

தங்கைக்குப் பிறவியிலேயே மாறுகண். இடது கண் மூக்குப் பக்கம் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் அவளை 'ஒண்ணரைக் கண்ணு' என்று கூப்பிட்ட பிள்ளைகளையெல்லாம் அக்கா துரத்தித் துரத்தி அடித்திருக்கிறாள். ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்ததில் கையோடு ஒரு கொத்து முடி வந்து, தலைமை ஆசிரியர் அறை வாசலில் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறாள். தங்கையோடு பேசும்போது எந்தக் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும் என்பது பலருக்குக் குழப்பம். அக்காவுக்கு அந்தக் குழப்பம் வந்ததே இல்லை. வலது கண்தான் உங்களைப் பார்க்கிற கண். அதைப் பார்த்தே பழகியவள் அவள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வழக்கம்போல் தங்கை அளந்தாள். அப்போது வீட்டில் மெஷின் இரண்டுதான். தங்கை டேப்பை இடது தோளில் வைத்தாள், வலது தோளில் வைத்தாள், மறுபடியும் இடதில் வைத்தாள்.

"அக்கா, உன் வலது தோள் ஒரு இன்ச் எறங்கியிருக்கு. அதான் கவுன் ஒரு பக்கமா தொங்குது. ரெண்டு தோளுக்கும் தனித்தனியா எழுதிக்க."

"என்னடி உளர்ற? தெனம் நூறு பேரு முதுகெலும்பப் பாக்கறவ நான். என் தோள் எறங்கியிருந்தா எனக்குத் தெரியாதா?"

"உன் முதுக நீ என்னிக்குப் பாத்த?"

அதோடு நின்றிருக்கலாம். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். மெஷின்தான் சரியில்லை, இதை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிடிவாதமாகச் சொன்னாள். தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை. வாயில் வந்த பழமொழியைச் சொல்லிவிட்டாள்.

"நல்லாருக்கே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

கோணல் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அது காதில் விழுந்த வேகத்திலேயே அக்காவின் வாயிலிருந்து திரும்பி வந்தது.

"கோணல் கூடத்துல இல்லடி, உன் கண்ணுல இருக்கு. கண்ணே கோணல், நீ அளந்தா எப்படி நேரா இருக்கும்?"

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம். தங்கை டேப்பை இரண்டு விரலில் சுற்றி, மெஷின் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். படி இறங்கும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து போய்க் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்திருப்பாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியும்.

சண்டைக்கு முன்னால் இரண்டு மெஷின், சண்டைக்குப் பின்னால் ஒன்பது. தங்கை சொன்னது தப்பு என்று நிரூபிக்கிற ஒரு மெஷின், நேராகத் தைக்கிற ஒரே ஒரு மெஷின், எங்கேயாவது கிடைத்துவிட்டால் போதும் என்று அவள் தேடினாள். கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாள்? அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாளாம். அதுதான் அவள் மனசுக்குள் போட்டு வைத்திருந்த திட்டம். மன்னிப்புக் கேட்காமலே சமாதானம் ஆகிவிடப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், ஏதாவதொரு சாமானைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நடுவில் நாலைந்து தடவை போன் போட்டாள். மணி அடிக்க ஆரம்பித்ததுமே வைத்துவிட்டாள். ஒரு தடவை தங்கையின் குரல் "யாரு?" என்று கேட்டது. அந்த ஒற்றைச் சொல்லைப் பல நாள் வைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு நடுவில் தூது போக ஒருவரும் இல்லை. அக்கம்பக்கத்தில் பழக்கம் இல்லை. ஒரு பஸ் ஏறி இறங்கினால் தங்கை வீடு. அந்தப் பஸ் தினமும் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்று போகும். அது கிளம்பிப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆஸ்பத்திரியில் அவள் வேலை கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில். தன்னைவிடப் பெரியவர்களும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றே கூப்பிட்டார்கள். வருகிறவர்களின் தோளைப் பிடித்துப் பலகையோடு சேர்த்து நிறுத்துவாள். "மோவாயத் தூக்குங்க. தோளத் தளர்த்துங்க. மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க." ஒரு நாளைக்கு நாற்பது தோளையாவது தொடுவாள். பயந்த தோள், வலிக்கிற தோள், வியர்த்த தோள், எல்லாம் அவள் கைக்குப் பழக்கம். யார் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள் என்று படம் எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். அவள் தோளைத்தான் தொட ஆள் இல்லை. பஸ்ஸில் கூட்டம் இடித்தால் உண்டு.

இருந்த பதினொன்றோடு போன மாதம் பன்னிரண்டாவது மெஷினும் வந்து சேர்ந்தது. பழைய சாமான் கடைக்காரர் அதன் தலைப்பாகத்தை மட்டும் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "தனியா தூக்காதீங்கம்மா, ஒரு ஆளோட வந்து எடுத்துட்டுப் போங்க" என்றார். அவள் எந்த ஆளுக்குப் போவாள்? தானே தூக்கி வந்தாள். வீட்டுப் படியில் எட்டாவது படி ஏறும்போது முதுகில் சுளுக்கென்று ஒரு பிடி பிடித்தது. மெஷினைக் கீழே போட மனசில்லாமல், அதை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மாடிக்காரர்கள் இரண்டு பேர் ஒதுங்கி ஏறிப் போனார்கள். புது மெஷினைப் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று நாள் படுக்கை. நாலாம் நாள் மெல்ல நடந்து வேலைக்கு வந்ததும், கூட வேலை பார்க்கும் சின்னப் பெண் விடவில்லை.

"அக்கா, ஒரு படம் எடுத்துடலாம். வாங்க, நில்லுங்க."

"எனக்கா?"

"ஏன், உங்களுக்கு எலும்பு கெடையாதா?"

அவள் பலகையை நோக்கி நின்றாள். பின்னாலிருந்து இரண்டு கை வந்து அவள் தோள்களைப் பிடித்துச் சரிசெய்தன. ஐஸ் மாதிரி சில்லென்றிருந்த கை. ஆறு வருஷத்தில் வேண்டுமென்றே அவள் தோளில் வைக்கப்பட்ட முதல் கை அது. அதுவும் வேலையாக வைத்த கை. "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று அந்தப் பெண் சொல்ல, அவளால் இழுக்க முடியவில்லை. அழுகை முட்டும்போது மூச்சு அடங்குமா?

படம் திரையில் வந்தது. முதுகெலும்பு நடுவில் ஒரு பக்கமாக ஒதுங்கி, கீழே மறுபடியும் நடுவுக்கு வந்திருந்தது. வலது தோள் தாழ்ந்திருந்தது.

"நீ என்னைச் சரியா நிறுத்தல," என்றாள் அக்கா. "கோணலா நிறுத்திட்ட. மறுபடியும் எடு."

மறுபடியும் எடுத்தாள் அந்தப் பெண். படம் அதேதான். எலும்பு டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"சுளுக்கு சரியாயிடும், எலும்புல ஒண்ணும் இல்ல," என்றார். "ஆனா இந்த வளைவு பழசு."

"வலியில சாஞ்சு நின்னிருப்பேன் டாக்டர்."

"இல்லம்மா. எலும்பே இப்படித்தான் வளந்திருக்கு. பத்துப் பன்னெண்டு வயசுலேர்ந்து இருக்கும். ஆபத்தில்ல. இவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியாதா? நீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். சின்னப் பெண் சாப்பிடப் போனதும், அக்கா திரையில் அளவுக்கோட்டை வைத்து இரண்டு தோளின் உயர வித்தியாசத்தை அளந்தாள். படத்தில் எலும்பு கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அதையும் கழித்துப் பார்த்தாள். இருபத்தைந்து மில்லிமீட்டர். ஒரு இன்ச்.

கோணல் கண் அளந்த அளவு. நூல் பிசகவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது பன்னிரண்டு மெஷினும் வரிசையாக நின்றன. எந்தக் குற்றமும் செய்யாதவை. அவற்றைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இத்தனை நாள், தங்கையின் அளவு தப்பாக இருக்கக்கூடும் என்ற ஒரு துளி சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். அது போய்விட்டது. இனிமேல் மிச்சம் இருப்பது அவள் சொன்ன அந்த வார்த்தை மட்டும்தான். தங்கை கதவைத் திறப்பாளா? திறந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவாளா? பேசவில்லை என்றால் இந்த உலகத்தில் அவளைப் 'பெரிசு' என்று கூப்பிட இன்னொரு வாய் கிடையாது.

அடுத்த விடுமுறை நாளில் அந்தப் பஸ்ஸில் ஏறினாள். வழி முழுக்க வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனாள். 'அன்னிக்கு நான் பேசினது தப்பு' என்று ஆரம்பிப்பதா, 'எப்படி இருக்க' என்று ஆரம்பிப்பதா? ஜன்னலோரத்தில் உட்கார்ந்து உதடு அசைய ஒத்திகை பார்த்தவளைப் பக்கத்து சீட்டுப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. அக்கா ஒரு நிமிஷம் வீடு மாறி வந்துவிட்டோம் என்றே நினைத்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் இரண்டு கண்ணும் நேராக இருந்தன. தங்கையின் மூக்கு, தங்கையின் நெற்றி, மேலுதட்டு மச்சம்கூட அவளுடையதே. கண் மட்டும் வேறு யாருடையதோ. வலது கண்ணைப் பார்த்துப் பேசிப் பழகிய அக்காவுக்கு இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தயார் செய்து வந்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

தங்கை தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டு அக்கா வந்து நிக்கறீங்க," என்றாள். "ஒண்ணையே தாங்க முடியாது. உள்ள வா."

வீட்டில் வேறு யாரும் இல்லை. தங்கையின் புருஷன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். தங்கை டீ போட்டாள். கோப்பை விளிம்பில் ஒரு விரலை வைத்து, அந்த விரலை ஒட்டி டீயை ஊற்றினாள். அப்படியும் கொஞ்சம் மேஜையில் சிந்தியது. அதைக் கைக்குட்டையால் துடைக்கப் போன அக்காவின் கையைத் தள்ளிவிட்டு, தானே துணி எடுத்துத் துடைத்தாள்.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். நாலு வருஷம் ஆச்சு. பாக்கறவங்களுக்கு நேரா இருக்கு. எனக்குத்தான் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. இந்த வயசுல பண்ணினா சில பேருக்கு அப்படி ஆகலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரு. அந்தச் சில பேர்ல போய்ச் சேந்தேன்."

"வேலை?"

"கத்தரியத் தர பயப்படறாங்க. இப்ப தச்ச துணிய மடிச்சு வெக்கறேன். மடிக்கறதுக்கு ரெண்டா தெரிஞ்சா என்ன, நாலா தெரிஞ்சா என்ன."

அறுபது மடிப்பை ஒரே வெட்டில் வெட்டிய கை அது. அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"எதச் சொன்ன?"

அக்கா கீழே வைத்த கோப்பையை மறுபடியும் கையில் எடுத்தாள்.

"சொல்லேன். என்ன சொன்ன?"

சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அத்தனை சுலபமாக வந்த வார்த்தை இன்றைக்கு நாக்கிலேயே ஏறவில்லை.

"வரல இல்ல? எனக்கு ஆறு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கு," என்றாள் தங்கை. "ஊர்ல யாரு சொல்லியிருந்தாலும் தொடச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன். சொன்னவங்கள அடிக்கத்தான் நீ இருந்தியே. நீயே சொன்னா நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

அக்கா அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, கொஞ்சமும் கௌரவம் இல்லாமல் அழுதாள். தங்கை அவளை அழவிட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து உட்காரவில்லை. எழுந்து போகவும் இல்லை.

"நீ அளந்தது சரிடி," என்றாள் அக்கா, அழுகைக்கு நடுவில். "எக்ஸ்ரே எடுத்துப் பாத்தேன். சரியா ஒரு இன்ச். பன்னெண்டு மெஷின் வாங்கிட்டேன்."

"பன்னெண்டா?"

"பன்னெண்டு."

தங்கைக்கு உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். "அடிப்பாவி. நான் ஒரு டேப்புல சொன்னத ஒத்துக்க உனக்குப் பன்னெண்டு மெஷினும் ஒரு எக்ஸ்ரேயும் வேண்டியிருந்துச்சா?" சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. பிறகு தங்கை அக்காவின் கவுனைத் தோளிலிருந்து கீழ்மடிப்பு வரை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"கண்றாவியா தச்சிருக்க. எந்திரி. டேப் வெச்சிருக்கியா?"

இருந்தது. கேட்கத் தைரியம் வராது என்று தெரிந்தும் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பின்னால் டேப் பிரியும் சத்தம் கேட்டது. அதன் நுனி தோளைத் தொடாமல், கையோரமாக நழுவிக் கீழே விழுந்தது. தங்கை குனிந்து தடவி எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

"நாலு தோள் தெரியுது," என்றாள் தங்கை. "இரு. ஒரு கண்ணப் பொத்திக்கிட்டா ஒண்ணாயிடும். ஆனா எனக்கு ஒரு கண்ண மட்டும் மூட வராது, கையாலதான் பொத்தணும். ஒரு கைய வெச்சு எப்படி டேப் புடிக்கறது? நீ கீழ்நுனியப் புடிச்சுக்க. இடுப்புல, நடு எலும்பு மேல. நகத்தாத."

அக்கா கையைப் பின்னால் வளைத்து நுனியை இடுப்பில் அழுத்திக்கொண்டாள். டேப் முதுகு வழியாக மேலே ஏறி இடது தோள் நுனியில் வந்து நின்றது. தங்கை ஒரு உள்ளங்கையால் தன் கண்ணைப் பொத்தியிருக்க, இன்னொரு கையின் விரல்கள் தோளின் மேல் அழுத்தின. அந்தக் கை சூடாக இருந்தது.

"பதினஞ்சரை," என்றாள் தங்கை. "அசையாத. வலதுக்கு வரேன்."

டேப் வலது பக்கம் நகர்ந்தது. விரல்கள் தோள் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தன.

"ஏண்டி," என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே. "ஐம்பது வருஷம் அதோடவே இருந்துட்டு, எதுக்குடி கண்ணப் போய் வெட்டிக்கிட்ட?"

தேடிக்கொண்டிருந்த விரல்கள் தோள் எலும்பின் மேல் வந்து நின்றன.

"உனக்கு நேரா அளக்கத்தான்," என்றாள் தங்கை.

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். அக்காவுக்குத் திரும்பி அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. திரும்பினால் டேப் நழுவிவிடும். தங்கை இன்னும் எண்ணைப் படித்து முடிக்கவில்லை. நுனியை இடுப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து நிறுத்தி, அசையாமல் நின்றாள்.